முடவாட்டுக்கால் சூப் குடித்தால் தேய்ந்த முட்டி திரும்ப வளருமா?

ஜனவரி 11, 2025, ராசிபுரத்திலிருந்து ஒரு கேள்வி

அம்மாவுக்கு 57 வயது. எக்ஸ்ரே எடுத்ததில் இரண்டு முட்டியும் தேய்மானம், நான்கில் மூன்றாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர், கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கை ஒரு மண்டலம் சூப் வைத்துக் குடித்தால் ஜவ்வு புதிதாக வளர்ந்துவிடும், ஆபரேஷனே தேவைப்படாது என்கிறார். குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு பட்டியலும் வேண்டும்.

ஜனவரி 11, இரவு, டிபன் கடை அக்கா, சேலம்

வளராது தம்பி. சூப்பைக் குடிக்கலாம், காரசாரமாக நன்றாகவே இருக்கும். தேய்ந்தது தேய்ந்ததுதான்.

கோழிக்காலைக் கடிக்கும்போது எலும்பு நுனியில் வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்குமே, நீங்கள் ஜவ்வு என்கிற குருத்தெலும்பு அதுதான், முட்டியில் தேய்வதும் அதுதான். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம். கால் அசைந்து, பாரம் ஏறி இறங்கும்போது அந்த நீர் உள்ளே போய்வரும். நாம் குடிப்பது வயிற்றில் செரித்து, உடைந்து, உடம்பு முழுக்கப் போகிறது. அதற்கு முட்டியின் விலாசம் தெரியாது.

எனக்கும் வலது முட்டி இதே கதை. காலையிலிருந்து தோசைக்கல் முன்னால் நிற்கிற பிழைப்பு. ஆகவே புத்தகத்தில் படித்ததை மட்டும் சொல்லவில்லை.

ஜனவரி 12

கிழங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படர்கிற ஒரு பெரணிச் செடியின் தண்டுதான் அது. மேலே பழுப்பு ரோமம் மூடி, ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, சின்னச் சின்னதாக நறுக்கி நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டால் சூப். மிளகு தூக்கலாக இருந்தால்தான் வாய்க்குப் பிடிக்கும்.

கொல்லிமலையில் அரப்பளீஸ்வரர் கோயில் பக்கம் டம்ளரில் ஊற்றி விற்பார்கள். முட்டி வலி போக அதைக் குடித்துவிட்டு, அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி, திரும்ப அத்தனையும் ஏறி வருகிறோம். நல்ல முட்டியே முனகும். அந்தப் படியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் சூப் கடைக்காரர்களின் வியாபார ரகசியம் புரியும்.

ஜனவரி 12, மாலை

பட்டியல் கேட்டிருந்தீர்கள். "தொடக் கூடாது" பட்டியல் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கு, வாழைக்காய், கடலைப்பருப்பு வாயு. தக்காளி, கத்தரிக்காய், புளி ஆகாது. தயிர் ராத்திரியில் கூடாது. எல்லாவற்றையும் கேட்டு நடந்தால் அம்மாவுக்கு மிஞ்சுவது ரசஞ்சோறும் அப்பளமும்தான். முட்டிக்கு அதைவிட மோசமான சாப்பாடு கிடையாது: பெரும்பாலும் மாவுச்சத்து, புரதம் குறைவு.

வயிற்று வாயு முட்டிக்குப் போகிற வழி எதுவும் இல்லை. உருளைக்கிழங்கு சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்றால் வயிற்றுக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள், முட்டிக்காக வேண்டாம்.

யூரிக் அமிலம் வேறு கதை. அது கூடி வருகிற மூட்டுவலி பெரும்பாலும் கால் கட்டைவிரலில் திடீரென்று ஆரம்பிக்கும். போர்வை பட்டால்கூடக் கத்துவார்கள். அவர்கள் ஈரல், குடல், பீர் இவற்றையெல்லாம் குறைக்க வேண்டும். அதற்குரிய பத்தியத்தைத் தேய்மானக்காரர் தலையில் கட்டுவதால்தான் இத்தனை குழப்பம்.

ஜனவரி 14

சர்க்கரைப் பொங்கல் சாப்பிடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்குச் சாப்பிடாமல் எப்போது சாப்பிடுவது? பொங்கல் ஒரு நாள். மிச்சத்தைச் சூடுபண்ணி மூன்று நாள் சாப்பிடுவதில்தான் சிக்கல். அதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, கடை முடிந்ததும் எழுதுகிறேன்.

ஜனவரி 17

முட்டிக்கும் சாப்பாட்டுக்கும் உண்மையான தொடர்பு இரண்டே இடத்தில்தான். ஒன்று உடம்பு எடை. இன்னொன்று தொடைச் சதை.

எடையை முதலில் பார்ப்போம். முட்டித் தேய்மானம் உள்ள, எடை கூடிய பெரியவர்களை நடக்க வைத்து அமெரிக்காவில் அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழுகிற பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ. வீட்டுக்குள் சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடப்பதையே கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தக் கிழங்கும் இதைச் செய்யாது.

ஆனால் "எடையைக் குறையுங்கம்மா" என்று டாக்டர் அரை நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார். எப்படி என்று யாரும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண்களுக்கு எடை கூடுவது விருந்தில் இல்லை, பாத்திரம் கழுவுகிற நேரத்தில். பிள்ளை தட்டில் வைத்துவிட்டுப் போன ஒன்றரை இட்லி. சட்டியில் ஒட்டிய கடைசிக் கரண்டிப் பொங்கல். காலை டிபனை வேலையெல்லாம் முடித்துப் பதினொரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்குப் பிள்ளைகளோடு திரும்பச் சோறு. நான்கு மணிக்கு டீ, அதில் சர்க்கரை இரண்டு ஸ்பூன், கூட மிக்சர். வீணாக்க மனசு வராமல் நம் வயிற்றில் போட்டுக்கொள்கிறோம். என் கடையில் மிச்சமாகிற வடையின் முழுப் பொறுப்பையும் ஒரு காலத்தில் நானே ஏற்றிருந்தேன்.

எனக்குச் சரிப்பட்டதைச் சொல்கிறேன். தட்டில் பொரியலையும் கூட்டையும் முதலில் வைப்பது, மிஞ்சிய இடத்தில் சோறு. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளத் தோன்றினால் சோற்றுக்குப் பதில் ஒரு கரண்டி பருப்பு. டீயில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்தது. அப்புறம் எண்ணெய்க் கணக்கு. ஆளுக்கு நாளைக்கு 25 கிராம் சுற்றி என்று வைத்தால், மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டருக்குள் முடிய வேண்டும். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஐந்து லிட்டர் கேன் இருந்தால் மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி 18

"தட்டுவடை செட் சாப்பிடலாமா" என்று ஊர்க்காரர் ஒருவர். சேலத்தில் இருந்துகொண்டு அதை விடச் சொன்னால் என்னை ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள். ஒரு தட்டு, வாரத்தில் ஒரு நாள். அதில் பீட்ரூட், கேரட் துருவல் இருக்கிறதே, சத்துதானே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஜனவரி 19

எடை குறைக்க ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், சரியா என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.

வெறுமனே பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் இளைக்கும். வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சதை தானாகவே குறைந்துகொண்டு வருகிறது. முட்டிக்கு முட்டுக்கொடுத்து நிற்பது தொடையின் முன்சதை. அது இளைத்தால் எடை குறைந்தும் வலி குறையாது, மாடிப்படியில் கால் நடுங்கும். ஆகவே சாப்பாட்டைக் குறைக்கிறபோது புரதத்தைக் குறைக்காதீர்கள். ஒரு முட்டையில் 6 கிராம் சுற்றிப் புரதம் இருக்கிறது. சைவம் என்றால் சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பு, தயிர். மீன் சாப்பிடுகிறவர்கள் மத்தி, நெத்திலி குழம்பாக வைத்துச் சாப்பிடலாம். வறுத்தால் எண்ணெய் கணக்கில் ஏறிவிடும்.

கேழ்வரகு கேட்டிருந்தீர்கள். 100 கிராமில் 350 மில்லிகிராம் சுற்றிக் கால்சியம் இருக்கிறது, அரிசி அதன் பக்கத்திலேயே வராது. ஆனால் கால்சியம் எலும்புக்கு. தேய்வது எலும்பின் மேல் இருக்கிற குருத்து. இரண்டும் ஒன்றல்ல. களி சாப்பிடுங்கள், நல்லது. அது குருத்தை ஒட்டவைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஜனவரி 20

தொடைக்கு என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது அத்தனையும் பாதிதான்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். குளிக்கிற துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்பக்கத்தால் அந்தத் துண்டைக் கட்டிலோடு அமுக்குங்கள். தொடை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சதை இறுகுவது தெரியும், முட்டிச்சில்லு லேசாக மேலே ஏறும். ஐந்து எண்ணுகிற வரை பிடித்து விடுங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். வலி அதிகமாக இருக்கிறவர்கள்கூட இதைச் செய்யலாம்.

அது பழகியதும் படுத்துக்கொண்டு ஒரு காலை மடித்து வைத்து, மற்றதை நீட்டியபடியே ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கி மெதுவாக இறக்குவது. அதற்குப் பிறகு நாற்காலி: கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார்வது. தொப்பென்று விழுந்தால் கணக்கில் சேராது. மெதுவாக உட்காருவதில்தான் தொடைக்கு வேலை. உயரம் குறைந்த நாற்காலியில் முடியாவிட்டால் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் கடையில் நான் இதைச் செய்வேன். கூட வேலை செய்கிற பெண் முதலில் "என்னக்கா, யாருக்கு எழுந்து எழுந்து வணக்கம் வைக்கிறீங்க" என்று சிரித்தாள். இப்போது அவளும் எழுந்து உட்காருகிறாள்.

செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் முட்டி வீங்கியிருந்தால் அளவு கூடிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். மடக்கி நீட்டும்போது கடகடவென்று சத்தம் மட்டும் வந்து வலி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பத்தாம் நாள் வந்து "ஒன்றும் ஆகவில்லை" என்பீர்கள். ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் போய்ச் செய்து காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 23

ஈரோட்டு அண்ணன் கோபமாக எழுதியிருக்கிறார். அவருடைய அத்தை சூப் குடித்து வலி போய்விட்டதாம், அப்படியென்றால் அத்தை பொய் சொல்கிறாரா என்று.

பொய்யில்லை அண்ணா. முட்டி வலி ஏறி இறங்குகிற வலி. தாங்க முடியாத நாளில்தான் மருந்து தேடிப் போகிறோம், அதற்குப் பிறகு அது எப்படியும் கொஞ்சம் இறங்கும். இன்னொன்று, குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் என்ற மாத்திரைகளை 1,583 பேரை வைத்துச் சோதித்து 2006-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. அந்தப் பிரிவிலேயே 60 சதவீதம் பேர் வலி நன்றாகக் குறைந்தது என்றார்கள்! மருந்து சாப்பிட்டவர்கள் மொத்தத்தில் அவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் முந்திவிடவில்லை. வலி கடுமையாக இருந்த சிறு பிரிவில் மட்டும் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது, ஆனால் ஆட்கள் குறைவு.

ஆக, உங்கள் அத்தைக்கு வலி குறைந்தது நிஜம். சூப்பால் குறைந்ததா என்பதுதான் கேள்வி. மாதாமாதம் அந்த மாத்திரைக்குச் செலவாகிற காசில் முட்டை வாங்கலாம் என்பது என் கட்சி.

ஜனவரி 24

பிரண்டை, ஆட்டுக்கால் பாயா, முடக்கத்தான் தோசை, மஞ்சள் பால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்கள்.

பிரண்டைத் துவையல் எனக்குப் பிடிக்கும். இளசாகப் பார்த்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நீக்கி நார் உரித்து, நிறம் மாறும்வரை வதக்கி, புளி தாராளமாக வைத்து அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும். பாயாவில் இருக்கிற பசை செரித்து மற்ற புரதம் மாதிரியே உடைந்துபோகும். மேலே மிதக்கிற கொழுப்பை எடுத்துவிட்டுக் குடியுங்கள். முடக்கத்தான் தோசை நாங்களே கடையில் போடுகிறோம், கீரை உள்ளே போகிறதே என்ற அளவில் சந்தோஷம். சமையலில் போடுகிற மஞ்சள் சரி. மஞ்சள் சத்து என்று குப்பியில் விற்கிற மாத்திரை வேறு. அதனால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஜனவரி 27

சூப் விஷயத்தில் எனக்கே ஒரு மறுயோசனை. சாயங்காலம் நான்கு மணிக்குப் பஜ்ஜியும் சர்க்கரை டீயும் சாப்பிடுகிற அம்மா, அதற்குப் பதில் மிளகு சூப் ஒரு டம்ளர் குடித்து வயிறு அடங்கினால், அந்தச் சூப் வேலை செய்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். குருத்தை வளர்த்து இல்லை, பஜ்ஜியைத் தள்ளிவிட்டு. ராசிபுரத்துத் தம்பி, அம்மா விரும்பினால் வைத்துக் கொடுங்கள். உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பிப்ரவரி 2

"மெடிக்கலில் மூன்று நாளைக்குச் செட் மாத்திரை வாங்கிப் போட்டால் பறந்துவிடுகிறது" என்று எழுதிய அண்ணனுக்கு.

பறக்கும். காகித உறையில் பேர் இல்லாத நான்கு மாத்திரை. அதில் ஒன்று வலி மாத்திரை, இன்னொன்று ஸ்டீராய்டாக இருக்க நிறைய வாய்ப்பு. தொடர்ந்து போட்டால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். வலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். எந்த ஊர் என்று தெரியாத லேகியம், சூரணம் சிலவற்றிலும் ஸ்டீராய்டு கலப்பது நடக்கிறது. சாப்பிட்ட மறுநாளே அதிசயமாகக் கேட்டால் முதலில் சந்தேகப்படுங்கள்.

முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவுவது மாத்திரையைவிட வயிற்றுக்கு நல்லது. டாக்டர்களே முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

பிப்ரவரி 3

முக்கியமான ஒரு வரி நேற்றையதோடு சேர வேண்டும்: மாதக்கணக்கில் அப்படிச் செட் மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உறையோடு மாத்திரையை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

பிப்ரவரி 9

சம்மணம் போட்டு உட்காரலாமா? வலிக்கிறவர்களுக்கு வேண்டாம். குத்துக்காலிடுவதும் வேண்டாம். வீட்டில் இந்தியன் கழிப்பறைதான் என்றால் மேலே வைத்துக்கொள்கிற நாற்காலி கிடைக்கிறது. மாற்றிக் கட்டுவதற்கு ஆகிற செலவில் சிறு பங்குதான் ஆகும்.

ஆனால் வலி இல்லாதவர்களும் "முட்டி தேய்ந்துவிடும்" என்று தரையில் உட்காருவதையே விட்டுவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதென்றால் அது பெரிய சொத்து, வைத்துக்கொள்ளுங்கள்.

நின்றே வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. தோசைக்கல் முன்னால் தரையில் ஒரு மணைப் பலகை போட்டிருக்கிறேன். ஒரு காலை அதன்மேல் வைத்து, சிறிது நேரம் கழித்துக் கால் மாற்றிக்கொள்வேன். ரப்பர் செருப்பில் குதிகால் தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

பிப்ரவரி 20

ராசிபுரத்துத் தம்பி தனியாகக் கேட்டதைப் பொதுவிலேயே சொல்கிறேன், பலருக்கும் உதவும். அவருடைய அம்மாவுக்கு முட்டிக்குள் ஊசி போடச் சொன்னார்களாம்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். கல்யாணம், பயணம் என்று ஒரு தேவைக்குப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வந்தது. உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்து அதிகம் தேய்ந்திருந்தது. முட்டிக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வது தேய்மானத்துக்கு உதவுவதில்லை என்று 2002-லேயே ஹூஸ்டனில் காட்டிவிட்டார்கள். தோலை மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பியவர்களுக்கும் அதே அளவுதான் வலி குறைந்தது.

முட்டி மாற்று ஆபரேஷனைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. நடக்க முடியாமல், தூங்க முடியாமல், இத்தனையும் செய்து பார்த்தும் கேட்காமல் போனால் அது நல்ல வழி. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிகம் பயன்படுத்துகிற வகை அதற்கு முன் சராசரியாக 1.58 லட்சம், அப்போது 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அது முட்டிக்கான விலை மட்டும். அறை வாடகை, டாக்டர் கட்டணம் எல்லாம் சேர்ந்த பில்லை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் தொடைப் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது.

எக்ஸ்ரேயில் மூன்றாம் நிலை என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அதே படத்தை வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள், படம் சுமாராக இருந்தும் நகர முடியாதவர்களும் இருக்கிறார்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேவா என்று மட்டும் பாருங்கள். படுத்து எடுத்ததில் எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி சரியாகத் தெரியாது.

பிப்ரவரி 21

இவையெல்லாம் தேய்மானத்துக்கு மட்டும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, விரல் கணுக்களிலும் வீக்கம் என்றால் அது வேறு வாதம். ரத்தப் பரிசோதனை வேண்டும், சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால்தான் மூட்டு பிழைக்கும். முட்டி சிவந்து கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதன்மேல் தைலம் போட்டு நீவிக்கொண்டிருக்காதீர்கள்.

மார்ச் 6

கைத்தடி எந்தக் கையில்? வலிக்கிற முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில். வலது முட்டி என்றால் இடது கை. மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

எடை குறைக்கிற ஊசி பற்றிக் கேட்டவருக்கு: செமாக்ளூடைட் போட்டவர்களுக்கு எடையோடு முட்டி வலியும் குறைந்தது என்று 2024-ல் ஆய்வு வந்திருக்கிறது. எடை மிக அதிகமாக இருந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. டாக்டர் பார்வையில்தான் போட வேண்டும்.

கால் ஆணிக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குத் தனியாகக் கேள்வி போடுங்கள், எனக்கு நாளைக்கு மாவு ஆட்ட அரிசி ஊறப் போட வேண்டும்.